வீட்டில் ஒரு ரிப்பேர் மேஜை: என்ன வாங்கணும், எப்படி அடுக்கணும்?



தொழில் கடன் என்றால் கறவை மாடு, ஆடு, தையல் மிஷின், கருவாட்டு வியாபாரம், பெட்டிக்கடை என்றுதான் நம் குழுக்களில் பேச்சு வரும். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரியான ஒரு தொழிலைப் பார்ப்போம். வீட்டில் ஒரு மூலையில் ஒரு மேஜை போட்டு, பல்பு, சார்ஜர், ஃபேன், மிக்ஸி, எமர்ஜென்சி லைட் போன்ற சின்னச் சின்ன மின்சாமான்களைப் பழுது பார்ப்பதுதான் அது.

நம் வீடுகளை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். 2006-இல் தொடங்கி அரசு கொடுத்த கலர் டிவி, 2011-இல் தொடங்கிக் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், பிள்ளைகள் வாங்கி வந்த செல்போன், அதற்கு இரண்டு மூன்று சார்ஜர், வாசலில் ஒரு எல்.இ.டி. பல்பு. இதில் ஏதாவது ஒன்று கெட்டுப்போய்ப் பரணில் கிடக்காத வீடு உண்டா? பெரும்பாலும் கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். ஒரு ஒயர் விட்டிருக்கும், ஒரு சுவிட்ச் தேய்ந்திருக்கும். ஆனால் அதைச் சரி பண்ண மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கிக்குப் போய் வந்தால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போய்விடும். அதனால்தான் பல சாமான் பரணுக்குப் போகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. டார்ச் லைட்டும் எமர்ஜென்சி விளக்கும் செல்போனும் எவ்வளவு பெரிய துணை என்று அப்போதுதான் தெரிந்தது. ஊருக்குள் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பெண் இருந்தால், அது அவர் குடும்பத்துக்கு வருமானம். ஊருக்கும் ஒரு தைரியம்.

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலையாச்சே, நமக்கு வருமாக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அதையும் இப்படித்தான் சொன்னார்கள். பூ கட்டுகிற கையும், வலைக் கண்ணி பார்க்கிற கண்ணும் உள்ளவர்களுக்கு இந்த வேலை வரும்.

ஆனால் ஒன்று. இந்தத் தொழிலில் ஆசைப்பட்டு முதலில் சாமான் வாங்கி, பிறகு இடம் தேடி, கடைசியில் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பவர்கள்தான் அதிகம். அது தலைகீழ் வரிசை. முதலில் பாதுகாப்பு, அடுத்து ஒழுங்கு, அதற்குப் பிறகுதான் கருவி. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ஆரம்பத்தில் எடுக்கக்கூடிய வேலைகள்:

* சார்ஜர் ஒயர், ஹெட்போன் ஒயர், டார்ச் லைட், சின்ன ரேடியோ.
* எல்.இ.டி. பல்பு, எமர்ஜென்சி லைட், சோலார் விளக்கு.
* மெதுவாகச் சுற்றும் ஃபேன். அதிகமும் கண்டென்சர்தான் காரணம். சீலிங் ஃபேனில் பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். எந்த ஃபேனாக இருந்தாலும் பழைய கண்டென்சரில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்க வேண்டும்.
* மிக்ஸியின் கப்ளர், கார்பன் பிரஷ், சுவிட்ச். (ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றால் உடனே ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். சுமை கூடினால் அது தானாக விழுந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறவிட்டு, பொத்தானை அழுத்தினால் பல நேரம் மிக்ஸி ஓடிவிடும்.)

தொடக்கூடாதவை:

* பழைய குண்டு டிவி. அதன் படக்குழாயில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.
* மைக்ரோவேவ் அடுப்பு, இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர்.
* உப்பிப்போன செல்போன் பேட்டரி. குத்தினாலும் வளைத்தாலும் தீப்பிடிக்கும்.

"எனக்கு இது தெரியாது, டவுனுக்குக் கொண்டுபோங்க" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அப்படிச் சொல்கிறவரை நம்பித்தான் ஊர் அடுத்த சாமானைக் கொடுக்கும்.

மேஜையை எங்கே போடுவது?

அடுப்படியில் வேண்டாம். தண்ணீர் புழங்கும் இடத்திலும் தொட்டில் கட்டியிருக்கும் இடத்திலும் வேண்டாம். ஜன்னல் ஓரமாக, காற்றோட்டமாக, தரை காய்ந்திருக்கும் இடம் நல்லது. கடல் பக்கம் பார்த்த ஜன்னலாக இருந்தால் வேலை முடிந்ததும் சாத்திவிட வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

மேஜை மரத்தில் இருக்கட்டும். இரும்பு மேஜை வேண்டவே வேண்டாம், கரண்டு அதில் இறங்கிவிடும். புதிதாகச் செய்யத் தேவையில்லை. பழைய கதவுப் பலகை ஒன்றை நல்ல கால்களில் ஆடாமல் நிறுத்தினால் போதும். உட்கார்ந்தால் முழங்கை உயரத்துக்கு மேஜை வர வேண்டும். குனிந்தே வேலை பார்த்தால் ஒரு மாதத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். தரையில் உட்கார்ந்து பார்ப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் தரையில் குழந்தையும் வரும், தண்ணீரும் வரும். அதனால் மேஜையே நல்லது.

சூடான கருவியை வைக்க, வீடு கட்டும்போது மீந்த தரை டைல் ஒன்றைப் பலகை மேல் போடுங்கள். மரம் கருகாது. காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு, அது இல்லாவிட்டால் காய்ந்த மரப்பலகை. மேஜைக்கு மேலே இடது பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி ஒரு நல்ல பல்பு. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் பல்பை வலது பக்கம் மாட்டலாம்.

கரண்டு விளையாட்டுப் பொருள் இல்லை

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இதில் கை பட்டால் உயிர் போகும். மேஜை போடுமுன் அரசு உரிமம் பெற்ற ஒயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு மூன்று வேலைகளைச் செய்துகொள்ளுங்கள். கடன் தொகையில் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1. எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது. மணல் பூமியில் கோடை வந்தால் எர்த் குழி காய்ந்துபோகும். அவ்வப்போது அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

2. ஈ.எல்.சி.பி. என்று கடையில் கேட்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைப் போடுவது. இப்போது ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் வருகிறது. 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். போன கரண்டு அதே அளவில் திரும்பி வராமல் உடம்பு வழியாகவோ வேறு வழியாகவோ பூமிக்குக் கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் இது இணைப்பைத் துண்டித்துவிடும். இதில் ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். குழுக் கூட்டம் நடக்கும் நாளை இதற்கு அடையாளமாக வைத்துக்கொண்டால் மறக்காது.

3. மேஜைக்கென்று தனியாக ஒரு மெயின் சுவிட்ச், பளிச்சென்று தெரியும் இடத்தில். மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் அது எது என்று காட்டி வையுங்கள்.

ஈ.எல்.சி.பி. இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஒரு கையில் பேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்துவிட்டால் அதற்குத் தெரியாது. கரண்டு ஒழுங்காகப் போய் வருகிறது என்றே அது நினைத்துக்கொள்ளும். அதனால் மூன்று பழக்கம் வேண்டும். பிளக்கைப் பிடுங்காமல் எந்தச் சாமானையும் திறக்கக் கூடாது. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிடுங்கிய பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, வோல்ட் இல்லை என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும். சார்ஜர், பல்பு, ஃபேன் இவற்றில் இருக்கும் கண்டென்சர், பானையில் தண்ணீர் நிற்பது போலக் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும்.

எல்.இ.டி. பல்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல மலிவு பல்புகளில், விளக்குப் புள்ளிகள் ஒட்டியிருக்கும் தகட்டின் தடங்களில் நேரடியாக வீட்டுக் கரண்டே ஓடும். மேல் மூடியைக் கழற்றிவிட்டு எரியவிட்டுப் பார்க்கும்போது அந்தத் தகட்டில் விரல் படவே கூடாது.

உடுப்பிலும் கவனம் வேண்டும். நைலான் சேலை சூட்டில் உருகி உடம்போடு ஒட்டும். பருத்திச் சேலை நல்லது. முந்தானையைச் செருகி, தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள். உலோக வளையல், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். தாலிச் செயின் முன்னால் தொங்காமல் ரவிக்கைக்குள் இருக்கட்டும்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நல்லாத்தான் இருக்கேன் என்று அவர் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிடுவது நல்லது.

முதலில் வாங்க வேண்டியவை

கடைக்குள் போனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கத் தோன்றும். ஐம்பது உருப்படி உள்ள செட் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதில் நாற்பது உங்களுக்குத் தேவைப்படாது, மீதிப் பத்தும் சீக்கிரம் வளைந்துபோகும். கீழே உள்ளதை மட்டும், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை விலை மாறும். இரண்டு மூன்று கடையில் விசாரித்து, பில் கேட்டு வாங்குங்கள்.

1. டிஜிட்டல் மல்டிமீட்டர். இதுதான் நம் கண். கரண்டு வருகிறதா, ஒயர் எங்கே விட்டிருக்கிறது, பேட்டரி செத்துவிட்டதா என்று சொல்லும். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும்போது 'பீப்' சத்தம் கேட்கும் மாதிரியாக வாங்குங்கள்.
2. 25 வாட் சால்டரிங் அயர்ன், அதற்கு ஒரு ஸ்டாண்டு.
3. நடுவில் பேஸ்ட் வைத்த ஈயக் கம்பி, மெல்லியதாக.
4. ஈயம் உறிஞ்சும் பம்ப்.
5. திருப்புளி: நட்சத்திரத் தலையில் இரண்டு அளவு, தட்டைத் தலையில் இரண்டு அளவு. செல்போன் திருகுக்கான சின்ன செட் ஒன்று.
6. கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர். கைப்பிடி உறை கிழியாமல் இருக்க வேண்டும்.
7. கரண்டு டெஸ்டர், இன்சுலேஷன் டேப்.
8. பூதக்கண்ணாடி, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்.
9. சீரியஸ் லேம்ப். இதை வீட்டிலேயே செய்யலாம். கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சூடான காற்று அடிக்கும் மிஷின், ஆசிலோஸ்கோப், பவர் சப்ளை இதெல்லாம் ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். அதுவும் அந்த மேஜையிலிருந்து வந்த வருமானத்தில்.

மல்டிமீட்டரில் புதிதாக வருகிறவர்கள் தவறும் இடம் இரண்டு. வீட்டுக் கரண்டை அளக்கும்போது குமிழ் ஏ.சி. வோல்ட்டில் பெரிய எண்ணில் (600 அல்லது 750) இருக்க வேண்டும். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் செருகி வைத்துக்கொண்டு வோல்ட் பார்க்கக் கூடாது. மீட்டர் வெடித்துக் கையைச் சுடும். மீட்டரைக் கையில் எடுத்தால் முதலில் குமிழைப் பார், அடுத்துத் துளையைப் பார், அதற்குப் பிறகுதான் சாமானைத் தொடு. இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி எதிரே ஒட்டிவிடுங்கள்.

ஈயம் பற்றவைப்பது

இந்த வேலையின் பாதி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஈயச் சொம்பில் ரசம் ஊற்றாமல் வெறுமனே அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? உருகி ஓடிவிடும். அது வெள்ளீயம், சுமார் 232 டிகிரியில் உருகும். மின்வேலைக்கான ஈயக் கம்பியில் பொதுவாக 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்திருக்கும். அதனால் இன்னும் குறைந்த சூட்டிலேயே, 190 டிகிரிக்குள், உருகிவிடும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போட்டுத் தேய்த்த பிறகுதானே பூசுவார்? உலோகத்தின் மேல் இருக்கும் அழுக்கும் துருவும் போனால்தான் ஈயம் பிடிக்கும். ஈயக் கம்பியின் நடுவில் இருக்கும் பேஸ்ட் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மின்வேலைக்கு நவச்சாரம் போடாதீர்கள், நாளடைவில் ஒயரையே அரித்துவிடும்.

பற்றவைக்கும் முறை: அயர்ன் நுனியை ஒயரும் தகடும் சேரும் இடத்தில் இரண்டு மூன்று விநாடி வைத்து, இரண்டையும் சூடாக்குங்கள். ஈயத்தை நுனியில் வைக்காமல், சூடான அந்த இணைப்பில் தொடுங்கள். தானாக உருகிப் பரவும். முதலில் ஈயத்தை எடுத்து, பிறகு அயர்னை எடுங்கள். ஆறும்வரை அசைக்காதீர்கள். நல்ல இணைப்பு பளபளப்பாக, அரிசி குவித்து வைத்தது போலச் சரிவாக இருக்கும். உருண்டையாகவோ மங்கலாகவோ இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி செய்யுங்கள். காசு கொடுத்தவர் சாமானில் கை வைக்கும் முன், வீணாய்ப்போன ரேடியோ, சார்ஜர் தகடுகளில் இருபது பாகத்தைக் கழற்றி, இருபதையும் திரும்பப் பற்றவைத்துப் பழகுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ரசச் சொம்பு வெள்ளீயம், அது வேறு. ஈயக் கம்பியில் கலந்திருக்கும் காரீயம் விஷம். கை வழியாக வாய்க்குப் போய் உடம்பில் சேரும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பாதிக்கும். எனவே:

* மேஜையில் டீ, வெற்றிலை, தின்பண்டம் எதுவும் கூடாது. ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கக் கூடாது.
* வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும், சமையலைத் தொட வேண்டும்.
* மேஜையை ஈரத் துணியால் துடையுங்கள். விளக்குமாறு போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம். அந்தத் துணி அடுப்படிக்குப் போகக் கூடாது.
* கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த வேலையைத் தள்ளி வைப்பது நல்லது. காரீயம் கலக்காத கம்பியும் கிடைக்கிறது. அதற்குச் சூடு கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

எழும் புகை பெரும்பாலும் பேஸ்ட்டில் உள்ள பைன் மரப் பிசினின் புகை. அதையும் மூச்சில் இழுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஒரு சின்ன ஃபேனை வைத்துப் புகை ஜன்னல் பக்கம் போகும்படி செய்தால் போதும்.

சீரியஸ் லேம்ப்

பழுது பார்த்த சாமானை நேராக பிளக்கில் செருகினால், உள்ளே ஷார்ட் இருந்தால் படாரென்று வெடிக்கும், ஃபியூஸ் போகும். அதற்கு ஒரு காவல்காரன்தான் இந்த விளக்கு. ஒரு ஹோல்டரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு. கரண்டு அந்தப் பல்பின் வழியாக வந்து, அதற்குப் பிறகே சோதிக்கும் பிளக் பாயின்ட்டுக்குப் போகும்படி இணைப்பு. மரப்பலகையில் ஒயர்மேனை வைத்தே செய்துகொள்ளுங்கள்.

சார்ஜரோ ரேடியோவோ செருகும்போது பல்பு லேசாக மின்னி அணைந்தால், உள்ளே ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்குங்கள். ஒன்று கவனம்: மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் போன்று அதிகக் கரண்டு இழுக்கும் சாமான் நல்லதாக இருந்தாலும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். இந்த விளக்கு சாமானைத்தான் காப்பாற்றும், ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றாது.

அஞ்சறைப் பெட்டி மாதிரி அடுக்குங்கள்

இருட்டிலும் கடுகு எது, வெந்தயம் எது என்று கை தானாகப் போகிறது. காரணம், அஞ்சறைப் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை. ரிப்பேர் மேஜைக்கும் அதே சூத்திரம்தான்.

மேஜையை மூன்றாகப் பிரியுங்கள். இடது பக்கம் வந்த சாமான். நடுவில் இப்போது கையில் இருக்கும் வேலை, அதுவும் ஒரே ஒரு சாமான். வலது பக்கம் முடிந்த சாமான். இரண்டு சார்ஜரை ஒரே நேரத்தில் திறந்தால் இதன் திருகு அதற்குப் போகும்.

சூடான அயர்ன், வேலை செய்யும் கைப் பக்கம், அதன் ஸ்டாண்டில் மட்டுமே இருக்க வேண்டும். ஒயர் மேஜையின் முன் விளிம்பில் தொங்கக் கூடாது. தவழும் குழந்தை இழுத்தால் 300 டிகிரிக்கு மேல் சூடான கம்பி தலையில் விழும்.

எதிர்ச் சுவரில் ஒரு பலகை அடித்து, ஆணியில் கருவிகளை மாட்டுங்கள். ஒவ்வொரு கருவியையும் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு அதன் உருவத்தை வரைந்துவிடுங்கள். சாயங்காலம் பார்த்தால் எந்த இடம் காலி என்று ஒரே பார்வையில் தெரியும். பிள்ளை எடுத்துக்கொண்டு போன திருப்புளியும் அன்றைக்கே வீடு திரும்பும்.

சின்னப் பாகங்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காலி மாத்திரை டப்பா, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். கழற்றும் திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போடுங்கள். முதலில் கழற்றியது முதல் குழி, கடைசியில் கழற்றியது கடைசிக் குழி. பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் ஒரு திருகுகூட மீறாது. திறந்தவுடன் செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். உடைந்த ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று மேஜையில் இருந்தால் கீழே விழுந்த திருகைத் தேடி எடுக்க உதவும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: மேஜைக்குப் போன டப்பா எதுவும் திரும்ப அடுப்படிக்கு வரக் கூடாது.

மேஜைக்குக் கீழே ஒரு மண்சட்டியில் காய்ந்த மணல் வையுங்கள். உப்பிய பேட்டரி வந்தால் அதில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்கத்தான். கடல் மணல் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும்.

நம் ஊர் உப்புக் காற்று

ஜன்னலைச் சாத்தச் சொன்னது இதற்காகத்தான். கடலோரக் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. அது ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும். நம் பக்கம் சார்ஜரும் ரேடியோவும் சீக்கிரம் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சில நேரம் எந்தப் பாகமும் மாற்ற வேண்டியிருக்காது. களிம்பைப் பிரஷ்ஷால் தேய்த்து, கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் திரவத்தில் துடைத்துக் காயவிட்டாலே சாமான் வேலை செய்யும். (அது சீக்கிரம் தீப்பிடிக்கும். அயர்ன் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.)

கருவிகளை வாரம் ஒரு முறை தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். பாகங்கள் எப்போதும் மூடிய டப்பாவில் இருக்கட்டும். புதுச் செருப்பு, பை வாங்கும்போது உள்ளே வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறிந்துவிடாமல் அந்த டப்பாவில் போட்டால் ஈரத்தை உறிஞ்சும். குழந்தை வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அயர்ன் நுனியை, வேலை முடிந்து அணைக்கும் முன், புது ஈயத்தில் ஒரு தரம் நனைத்து அப்படியே ஆறவிடுங்கள். அடுத்த நாள் நுனி கறுக்காமல் இருக்கும்.

நோட்டும் நம்பிக்கையும்

குழுக் கணக்கை எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு நோட்டில் இந்தக் கட்டங்களைப் போடுங்கள்: எண், தேதி, பெயர், சாமான், சொன்ன கோளாறு, வந்தபோது இருந்த நிலை (கீறல், உடைப்பு), ஆகும் செலவு, வாங்கிய தொகை, திருப்பிக் கொடுத்த தேதி. அதே எண்ணை ஒரு அட்டையில் எழுதிச் சாமானில் கட்டுங்கள்.

செலவை முன்கூட்டியே சொல்லி, சரி என்ற பிறகே பாகம் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் காட்டிக் கொடுங்கள். கூலி கணக்கிடும்போது பாகத்தின் விலையோடு உங்கள் நேரம், ஈயம், கரண்டு, பஸ் காசு எல்லாவற்றையும் சேருங்கள். பக்கத்து வீட்டு அக்கா என்பதற்காகச் சும்மா செய்து கொடுத்தால், அடுத்த மாதத் தவணையை யார் கட்டுவது?

செல்போன் வந்தால் ஒரு படி கூடுதல் கவனம். ஒருவர் போனில் அவர் குடும்பமே இருக்கிறது. படம், மெசேஜ் எதையும் திறந்து பார்க்கக் கூடாது. தெரியாத கடையில் போனைக் கொடுக்கப் பெண்கள் தயங்குவார்கள். ஊரிலேயே ஒரு பெண் நேர்மையாகப் பார்த்துக் கொடுக்கிறார் என்றால் அவரைத் தேடி வருவார்கள்.

வீணான தகடு, ஒயர், பேட்டரிகளைச் சாக்கில் சேர்த்து, மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். செம்புக்காக ஒயரைக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை விஷம். கண்மாயிலும் கடற்கரையிலும் கொட்டினால் அது நம் மீனுக்கும் தண்ணீருக்கும்தான் திரும்பி வரும்.

பயிற்சியும் கடனும்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நேராகத் திருப்புளி எடுக்க வேண்டாம். கண்ணால் பார்த்துக் கையால் பழக வேண்டிய வேலை இது. வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களில் செல்போன் பழுது பார்ப்பது போன்ற பயிற்சிகளை உணவோடு இலவசமாக நடத்துகிறார்கள். அடுத்த பயிற்சி எப்போது என்று உங்கள் கூட்டமைப்பு மூலமாகவோ வட்டார இயக்க மேலாண்மை அலுவலகத்திலோ விசாரியுங்கள்.

படிப்பு குறைவு என்று தயங்க வேண்டியதில்லை. ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் 1972-இல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள்கூட சோலார் விளக்குக்கு ஈயம் பற்றவைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண்களும் மொழி தெரியாமலே, நிறத்தையும் சைகையையும் வைத்து ஆறு மாதத்தில் கற்றுப் போயிருக்கிறார்கள். அதே மாநிலத்தில் துங்கர்பூர் மாவட்டத்துப் பழங்குடிப் பெண்கள், நம்மைப் போன்ற சுய உதவிக் குழுவினர்தான். மும்பை ஐ.ஐ.டி. வழிகாட்டுதலில் சோலார் படிப்பு விளக்குகளைப் பூட்டிக் கொடுத்துப் பழகி, பிறகு சோலார் தகடு தயாரிக்கும் 'துர்கா' என்ற கம்பெனிக்கே பங்குதாரர்கள் ஆனார்கள். அவர்களும் ஒரு மேஜை, ஒரு அயர்ன், ஒரு மீட்டரில் தொடங்கியவர்கள்தான்.

வங்கிக் கடனுக்கு அவசரப்பட வேண்டாம். பட்டியலில் சொன்ன கருவிகளுக்கு ஒரு சின்ன உள்கடன் போதும். இரண்டு மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே மேஜையாகப் போட்டால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது கரண்டு வேலை பார்ப்பது பாதுகாப்பும்கூட. யார் யார், எந்த இடம், வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

மேஜை எதிரில் ஒட்டி வைக்க

உட்காரும் முன்: கை காய்ந்திருக்கிறதா? காலடியில் ரப்பர் அல்லது பலகை இருக்கிறதா? வளையல் கழற்றியாச்சா? குழந்தை எங்கே?

திறக்கும் முன்: பிளக் பிடுங்கியாச்சா? ஐந்து நிமிடம் ஆச்சா? மீட்டர் பார்த்தாச்சா?

எழும் முன்: அயர்ன் பிளக் பிடுங்கியாச்சா? கருவி எல்லாம் அதன் கோட்டுக்குள் இருக்கிறதா? நோட்டு எழுதியாச்சா? மெயின் அணைச்சாச்சா? சோப்புப் போட்டுக் கை கழுவியாச்சா?

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநரோ பிரதிநிதியோ இந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஆர்வம் உள்ளவர்கள் பெயரைக் குறித்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். பரணில் கிடக்கும் சாமான்களையும் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் இந்தத் தொழிலுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.